ஆகஸ்ட் மாதமும் 'ஆகஸ்ட்' அவையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு விழா மலருக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமையுரையின் தமிழாக்கத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: 'இந்த ஆகஸ்ட் அவையின் முன் நிற்பதில் பெருமை கொள்கிறேன்.' விழா நடந்தது டிசம்பரில். ஆங்கில மூலத்தைப் பார்த்தேன். பேசியவர் சரியாகத்தான் பேசியிருந்தார். மொழிபெயர்ப்பில்தான், மாட்சிமையைக் குறிக்கும் 'august' என்ற ஆங்கிலப் பெயரடை மாதப்பெயராக மாறிவிட்டது.

இந்தத் தவறு நமக்கு ஏன் எளிதாக நேர்கிறது? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான். மாதப்பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், பெயரடை சிறிய எழுத்தில் தொடங்கும் என்பது ஒன்றே கண்ணுக்குத் தெரியும் அடையாளம். தலைப்புகளிலும் வாக்கியத் தொடக்கத்திலும் அதுவும் மறைந்துவிடும். அப்போது பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்க்க வேண்டும். தேதியோ ஆண்டோ இருந்தால் மாதம். அவை, சபை, நிறுவனம், சான்றோர் என்ற பொருளில் ஒரு சொல் பின்தொடர்ந்தால் பெயரடை.

உச்சரிப்பிலும் வேறுபாடு உண்டு. மாதத்தைச் சொல்லும்போது ஆங்கிலேயர் முதல் அசையை அழுத்துவார்கள்; பெயரடையில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகும். தமிழில் அசையழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை என்பதால், இதை நம் காது எளிதில் பிடிப்பதில்லை.

அடுத்த தவறு வரலாற்றில் இருக்கிறது. மாதப்பெயர் முதலில் வந்தது, பெயரடை அதிலிருந்து பிறந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வரிசை நேர்மாறானது. பெயரடைதான் மூத்தது. 'அவுகுஸ்துஸ்' என்ற லத்தீன் சொல் புனிதமான, வணக்கத்துக்குரிய என்று பொருள்படும். கோயில்களுக்கும் சமயச் சடங்கால் புனிதமாக்கப்பட்ட இடங்களுக்கும் வழங்கிய சொல் அது. வளர்த்தல், பெருக்குதல் என்ற பொருளுடைய 'அவுகெரே' என்ற வினையோடு அதை இணைப்பார்கள். விலை ஏறிக்கொண்டே போகும் ஏலத்துக்கும், நூலை ஆக்கியவருக்கும் ஆங்கிலம் வைத்திருக்கும் சொற்கள் அந்த வினையின் வழி வந்தவையே.

கி.மு. 27 ஜனவரி 16 அன்று ரோமானிய செனட் இந்தப் பெயரடையை ஒரு மனிதருக்குப் பட்டமாகச் சூட்டியது. ஜூலியஸ் சீசரின் வளர்ப்பு மகன் ஆக்டேவியன் அன்று முதல் அகஸ்டஸ் ஆனார். ரோமைத் தோற்றுவித்தவர் என்ற பொருளில் அவருக்கு 'ரோமுலஸ்' என்று பெயரிடலாம் எனச் சிலர் கூறியதாகவும், செனட் உறுப்பினர் முனாஷியஸ் பிளாங்கஸ் முன்மொழிந்த 'அகஸ்டஸ்' ஏற்கப்பட்டதாகவும் வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். மாதம் அந்தப் பெயரைப் பெற்றது கி.மு. 8இல்தான். ஆக, பெயரடை மனிதருக்குப் பட்டமாயிற்று. பட்டம் மாதத்துக்குப் பெயராயிற்று.

அகஸ்டஸ் பிறந்த மாதம் ஆகஸ்ட் என்று எழுதுவதும் தவறு. அவர் பிறந்தது கி.மு. 63 செப்டம்பர் 23. பிறந்த மாதத்தை விட்டு இந்த மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் வெற்றிகள். ரோமின் உயர் ஆட்சிப் பதவியான கான்சல் பதவியை முதன்முறை ஏற்றது இம்மாதத்தில், கி.மு. 30இல் எகிப்தின் அலெக்சாண்டிரியா அவர் கைக்கு வந்ததும் இம்மாதத்தில். பின்னர் கி.பி. 14இல் அவர் இறந்ததும் இதே மாதத்தில்தான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது 'திருடப்பட்ட நாள்' கதை. ஜூலைக்கு 31 நாள் இருக்க, தன் மாதத்துக்கு 30தானா என்று பொறாமைப்பட்ட அகஸ்டஸ் பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார் என்பார்கள். பொது அறிவு நூல்களிலும் இதைக் காணலாம். இது 13ஆம் நூற்றாண்டு அறிஞர் சாக்ரோபோஸ்கோவின் எழுத்தால் பரவிய கருத்து. ஜூலியஸ் சீசர் திருத்துவதற்கு முந்தைய நாட்காட்டி ஒன்று இத்தாலியின் ஆன்ஸியோவில் சுவரோவியமாகக் கிடைத்திருக்கிறது. அதில் பிப்ரவரிக்கு 28 நாள், பிற்காலத்தில் ஆகஸ்ட் எனப்பட்ட செக்ஸ்டிலிஸுக்கு 29 நாள். 355 நாள் கொண்ட அந்த ஆண்டைச் சீசர் 365 ஆக்கினார். கூடுதலான பத்து நாட்களில் ஜனவரி, செக்ஸ்டிலிஸ், டிசம்பர் மூன்றுக்கும் இரண்டிரண்டு, வேறு நான்கு மாதங்களுக்கு ஒவ்வொன்று. அகஸ்டஸ் பெயர் சூடுமுன்பே அந்த மாதம் 31 நாளுடன் இருந்தது.

இதற்கு இணையான இன்னொரு பிழை: ஜூலை, ஆகஸ்ட் என்ற இரண்டு மாதங்களை இடையில் நுழைத்ததால்தான், ஏழாம் மாதம் என்று பொருள்படும் செப்டம்பர் ஒன்பதாம் மாதமாயிற்று என்பது. எந்த மாதமும் நுழைக்கப்படவில்லை. ஐந்தாம் மாதம் எனப் பொருள்படும் குவின்டிலிஸ் ஜூலை ஆயிற்று, ஆறாம் மாதமான செக்ஸ்டிலிஸ் ஆகஸ்ட் ஆயிற்று, அவ்வளவே. பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. தொடக்கம் ஜனவரிக்கு மாறியபோது எண்கள் பொருந்தாமல் போயின.

ஒலி ஒப்புமையைப் பார்த்து எல்லா மாதங்களுக்கும் இப்படி உறவு கற்பிப்பதும் கூடாது. மார்ச் மாதம் ரோமானியப் போர்க்கடவுள் மார்ஸின் பெயர் கொண்டது. அணிவகுப்பைக் குறிக்கும் 'மார்ச்' பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். ஆகஸ்டில் உறவு உண்மையானது, மார்ச்சில் இல்லை. அதுபோலவே அகத்தியர் பெயரோடு ஆகஸ்டை இணைப்பதற்கும் இடமில்லை.

பெயரடையைத் தமிழாக்கும்போது 'பெரிய', 'சிறந்த' என்று எழுதினால் அதிலுள்ள வணக்க உணர்வு போய்விடும். 'மாண்புமிகு' பதவிக்குரிய அடைமொழியாக நிலைத்துவிட்டதால் அதையும் தவிர்ப்பேன். 'மாட்சிமிக்க அவை', 'சான்றோர் நிறைந்த அவை' என்பவை பொருந்தும். அந்த மலரில் இரண்டாவதைத்தான் எழுதினேன்.

இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் எழுதுவோருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே மாதப்பெயர் மக்கள் வாயில் தேய்ந்து 'அகோஸ்தோ' ஆகிவிட்டது. பெயரடை மட்டும் 'அவுகுஸ்தோ' என்று பழைய லத்தீன் உருவத்தோடு நிற்கிறது. பிரெஞ்சில் மாதம் இன்னும் தேய்ந்து, 'ஊத்' என்று ஓரசையில் முடிந்துவிடுகிறது.