பூஞ்சைச் சுவரில் பெயிண்ட் அடிக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரச்சுவர் வேலைக்குப் புதிதாக வரும் பையன்களையும், சொந்த வீட்டில் தாங்களே இறங்கிப் பார்ப்பவர்களையும் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். இந்தத் தொழிலில் நாங்கள் ஆரம்பத்தில் என்னென்ன கூத்தடித்தோமோ, அதையேதான் அவர்களும் அடிக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வை, கையுறை போட்டுக்கொள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குள் நான் போகவில்லை.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பெயிண்ட் அடிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஒருவர் வந்து சுரண்டுவார், பட்டி பார்ப்பார், பிரைமர் அடிப்பார், அதன்மேல் இரண்டு கோட் பெயிண்ட். டப்பாவில் 'பூஞ்சை எதிர்ப்பு' என்று பெரிதாக எழுதியிருக்கும். சாயங்காலம் சுவர் பளிச்சென்று இருக்கும், காசும் கைமாறிவிடும். கொஞ்ச நாளில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பும். கிள்ளிப் பார்த்தால் உள்ளே நசநசவென்று ஈரம். ஓரத்தில் பழைய புள்ளிகள் மறுபடி எட்டிப் பார்க்கும்.

பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன. அவற்றை அடியோடு ஒழிக்க யாராலும் முடியாது. தூசி, காகிதம், மரம், பெயிண்டில் உள்ள பசை எல்லாமே அவற்றுக்குத் தீனி. நமக்கு இதமான வெப்பம் அவற்றுக்கும் இதம்தான். ஆக, நம் கையில் இருக்கும் ஒரே பிடி தண்ணீர். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. காயாவிட்டால் பிடிக்கும். பூஞ்சை எதிர்ப்புப் பெயிண்ட் என்பது சுத்தமான, காய்ந்த சுவருக்கு. பின்னாலிருந்து வரும் தண்ணீரை அது தடுக்காது. போதாக்குறைக்கு, அதுவரை கொஞ்சமாவது ஆவியாகிக்கொண்டிருந்த ஈரத்தை அந்தப் படலம் உள்ளேயே பூட்டிவிடும். அப்புறம் தண்ணீர் வேறு வழி தேடும், பக்கத்துச் சுவரில் கிளம்பும்.

ஒரு வீட்டில் படுக்கையறைச் சுவருக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் படுக்கும் குழந்தைக்கு இரவானால் இருமல். வந்தவர்கள் எல்லோரும் மொட்டைமாடியையும் வெளிச்சுவரையும் பார்த்துவிட்டு விரிசலை அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் ஈரம் இருந்ததோ முழங்கால் உயரத்தில், அதுவும் வெயில் காலத்திலும் அப்படியே. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தோம், மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்குள் போகும் குழாயின் எல்போவில், அதாவது குழாய் திரும்பும் இணைப்பில், கசிவு. அதைச் சரிசெய்தது சின்ன வேலை. பெயிண்டுக்கும் பட்டிக்கும் அதுவரை கொட்டிய பணத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஊறிப்போன பூச்சை உடைத்து எடுக்க வேண்டியிருந்தது, அலமாரியின் பின்பலகையும் போயிற்று. குழந்தையின் இருமல் பிறகு குறைந்ததாகச் சொன்னார்கள். மருத்துவர் மருந்தையும் மாற்றியிருந்தார், அதனால் முழுப் பெருமையையும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதைச் சுவரே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். மழைக்குப் பின் கறை பெரிதானால் வெளிச்சுவர், ஜன்னல் ஓரம், கூரை ஆகியவற்றைப் பாருங்கள். மழை, வெயில் பேதமில்லாமல் ஒரே மாதிரி இருந்தால் குழாயைச் சந்தேகியுங்கள். தரையை ஒட்டி நீளமாகப் பட்டை போல ஏறினால் அது அடியிலிருந்து வரும் ஓதம். அதில் வெள்ளையாகப் பொங்கியிருப்பது பூஞ்சையாக இல்லாமல் உப்பாகவும் இருக்கலாம். கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், கரைந்தால் உப்பு.

நான்காவது வகைதான் பலருக்குப் புரிவதில்லை. எங்கேயும் கசிவே இருக்காது, ஆனால் குளிர்ந்த மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் பூஞ்சை படரும். சமையல், குளியல், அறைக்குள் காயப்போடும் துணி என எல்லா ஈரமும் காற்றில் ஏறி, குளிர்ந்த சுவரில் பட்டதும் நீராகிவிடுகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம், சுவரைப் பார்த்த பக்கம் நனைந்தால் சுவரின் ஈரம். முதலாவதற்கு எக்ஸாஸ்ட் ஃபேனும் காற்றோட்டமும் போதும். வீட்டின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30 முதல் 50-க்குள் இருக்கட்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை.

இன்னொன்று. கசிவை அடைத்த மறுநாளே பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். ஊறிய சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். அவசரப்படும் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது கசிவைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம்.

பிளீச் ஊற்றினால் போச்சு என்று நினைப்பது

டைல்ஸ், கண்ணாடி என்றால் சரி. சிமென்ட் பூச்சு, மரம், பிளைவுட் போன்ற நுண்துளை உள்ள பொருட்களில் குளோரின் மேலாகவே வேலை செய்துவிட்டு நின்றுவிடும், அதிலுள்ள தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கும். நிறம் வெளுத்துவிடுவதால் பூஞ்சை போய்விட்டது போலத் தெரியும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால், அதைக் கொன்றால் மட்டும் போதாது, அகற்றவும் வேண்டும். சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பூஞ்சை பிடித்த மெத்தை, கார்ப்பெட், ஜிப்சம் பலகை போன்றவற்றைத் தூக்கிப் போடுவதே மேல்.

பிளீச்சோடு ஆசிட் கலப்பது

குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கிளீனரோடு கலந்தாலும் நச்சு வாயுதான்.

காய்ந்தபடியே சுரண்டுவது

அதுவும் தலைக்கு மேலே ஃபேன் ஓட! ஓர் அறையில் இருந்த பூஞ்சையின் வித்துகளை வீடு முழுக்கத் தூவுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. முதலில் நனைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் திறக்கும் கதவைச் சாத்துங்கள். முகத்தில் துண்டு கட்டினால் பயனில்லை, வித்துகள் சில மைக்ரான் அளவுதான். என்95 முகக்கவசமும் காற்றுத்துளை இல்லாத கண்ணாடியும் வேண்டும். சுமார் 10 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால், அனுபவம் உள்ளவர்களிடம் விடுங்கள்.

கறுப்பு என்றால் விஷம், வெள்ளை என்றால் பரவாயில்லை

நிறத்தை வைத்து எந்தப் பூஞ்சை என்று சொல்ல முடியாது. இந்தக் கறுப்புப் பயத்துக்கு ஒரு கதை உண்டு. 1990-களில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறும்பூஞ்சைமேல் சந்தேகம் விழுந்தது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆய்வை மறுபடி அலசி, தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2000-இல் அறிவித்தது. உடனே 'அப்படியானால் பூஞ்சையால் ஒன்றும் ஆகாது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருமல், வீசிங், மூக்குத் தொல்லை, ஆஸ்துமா ஆகியவை அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. எந்த நிறமாக இருந்தாலும் எடுத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

சுவரைப் பற்றி மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பது

வெளியூர் போனால் மூக்கடைப்பும் இருமலும் குறைகின்றன, வீட்டுக்கு வந்தால் திரும்புகின்றன என்றால் அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் சுவர் அவருக்குத் தெரியாது. சிலருக்கு வித்துகளை மூச்சில் இழுத்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும். நுரையீரல் திசு ஒவ்வாமையால் அழற்சி அடைவதன் அறிகுறியாக அது இருக்கலாம். கவனிக்காமல் நீண்ட நாள் விட்டால் நுரையீரலில் தழும்பு விழலாம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள் ஆகியோருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை நேரடியாகவே தொற்றக்கூடும். அவர்களும் ஆஸ்துமாக்காரர்களும் சுத்தம் செய்யும் இடத்தில் இருக்கவே கூடாது.

பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடுவது

கை நுழையும் அளவுக்காவது இடைவெளி விடுங்கள்.

ரூம் ஸ்ப்ரே

மக்கின வாடைதான் நமக்குக் கிடைக்கும் முதல் துப்பு. அதையா மறைப்பது?

காற்றைச் சோதிக்கத் தட்டு வாங்குவது

காற்றில் உள்ள வித்துகளை முளைக்கவைத்துக் காட்டும் தட்டு அது; மூடியைத் திறந்து வைத்தால் எந்த வீட்டிலும் அதில் பூஞ்சை முளைக்கும். காற்றில் இத்தனை வித்துகள் வரை இருக்கலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு எதுவும் கிடையாது. என்ன முடிவு வந்தாலும் செய்ய வேண்டிய வேலை மாறப்போவதில்லை. அந்தக் காசுக்கு ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி, பூஞ்சை பிடிக்கும் அறையில் மாட்டிவையுங்கள்.