“அப்புறம் வாங்க” வேண்டாம்: பெருந்தொற்றுக் காலத்தில் குடும்ப டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மழைக்காலத்தில் எங்கள் ஊரில் காய்ச்சல் பரவியபோது, புதிதாக கிளினிக் தொடங்கிய ஓர் இளம் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். போனில் ஒரு தாயிடம் அவர், “இங்க ஒரே காய்ச்சல் கூட்டமா இருக்கும்மா. தடுப்பூசிதானே, சீசன் முடியட்டும், அப்புறம் வாங்க” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடும்ப டாக்டரான நான் 2020-ல் சொன்னதும் இதையேதான். தடுப்பூசியை எத்தனை டிகிரியில் வைப்பது, எங்கே போடுவது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

தேதி சொல்லாமல் தள்ளிப்போடுவது

2020 ஏப்ரல், ஊரடங்கு. ஒன்பது மாதக் குழந்தைக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் நேரம் வந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று ஒரு தாய் போனில் கேட்டார். “இப்ப வெளியே வராதீங்கம்மா, கொரோனா அடங்கட்டும்” என்றேன். குழந்தையைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். பெயரைக் குறிக்கவில்லை, நம்பரையும் குறிக்கவில்லை.

2022 கடைசியில் அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். காய்ச்சல், சிவந்த கண்கள், விடாத இருமல், காதுக்குப் பின்னால் தொடங்கி முகமெல்லாம் பரவிய தடிப்புகள். பாலித்தீன் கவரிலிருந்து தாய் சேய் நல அட்டையை எடுத்து நீட்டினார். மூன்றரை மாதம் வரை எல்லாக் கட்டத்திலும் நீல மையில் தேதி. ஒன்பதாம் மாதக் கட்டம் வெறுமையாக இருந்தது. “நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் சார் இருந்தோம்” என்றார். நிமோனியாவாகி, அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்து பிழைத்தான். அந்தக் காலிக் கட்டத்தை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தது: கூட்டம் சேர்க்கும் பெருந்திரள் முகாம்களைத்தான் தற்காலிகமாக நிறுத்த வேண்டும், வழக்கமான தடுப்பூசியை முடிந்தவரை தொடர வேண்டும். நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். அந்த ஆண்டில் உலகம் முழுக்க 2 கோடியே 30 லட்சம் குழந்தைகள் அடிப்படைத் தடுப்பூசிகளைத் தவறவிட்டார்கள். இந்தியாவில் முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னிக்கானது) மூன்றாம் தவணை 91 சதவீதத்திலிருந்து 85-க்கு இறங்கியது.

இதில் குடும்ப டாக்டருக்குப் பொறுப்பு அதிகம். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து அழைத்தாலும், “எங்க டாக்டர் வேண்டாம்னுட்டார்” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாம் ஒருவரிடம் சொன்னது அந்தத் தெரு முழுக்கப் போகும்.

அப்படியானால் என்ன செய்வது? காலை எட்டு முதல் ஒன்பதரை வரை தடுப்பூசிக் குழந்தைகளுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். காய்ச்சல்காரர்கள் பத்து மணிக்கு மேல் வரட்டும். குழந்தையோடு ஒருவர் போதும். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் வாசலில் காற்றோட்டமாக உட்காரட்டும். உங்களிடம் ஊசி இல்லையென்றால், புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லி, செவிலியருக்கு நீங்களே ஒரு போன் போடுங்கள். உண்மையிலேயே தள்ளிப்போட வேண்டி வந்தால் தேதியைச் சொல்லுங்கள், நோட்டில் எழுதுங்கள், அன்று வரவில்லை என்றால் மாலையே கூப்பிடுங்கள். என் மேசையில் இப்போது அதற்கென்றே ஒரு நோட்டு இருக்கிறது. ஊசி போட்டு முடித்த பிறகுதான் பெயரை அடிப்பேன்.

விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்குவது

தேவையே இல்லை. விட்ட தவணையிலிருந்து தொடருங்கள்.

லேசான சளிக்குத் திருப்பி அனுப்புவது

மூக்கு ஒழுகுவதும் லேசான காய்ச்சலும் தடுப்பூசிக்குத் தடை இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும்: அந்தத் தொற்றாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் முதலில் பரிசோதனை, குணமானதும் ஊசி. அதற்கும் தேதி வேண்டும்.

ஒரே நாளில் இத்தனை ஊசியா என்று பிரித்துப் போடுவது

போட வேண்டிய ஊசிகளை ஒரே வருகையில் வேறு வேறு இடத்தில் போடலாம். ஊரடங்கில் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே வந்த தாயை அடுத்த வாரம் இன்னொரு முறை வரச் சொல்வது நியாயமில்லை.

அட்டை இல்லை என்று திட்டுவது

திட்டினால் அடுத்த முறை வர மாட்டார்கள்.

பாட்டியிடம் பேரனைப் பற்றிக் கேட்காமல் விடுவது

பிரஷர், சுகர் மாத்திரைக்கு வருகிறவர்கள் ஊரடங்கிலும் வந்தார்கள். என் வயதான நோயாளிகளில் பாதிப் பேர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது, நான் வாய் திறந்து கேட்கவில்லை. இப்போது கையில் பிரஷர் பட்டையைச் சுற்றும்போதே கேட்கிறேன். போன வாரம் ஒரு பாட்டி, “ஒன்றரை வயசு ஊசி இன்னும் போடலை டாக்டர், மருமக வேலைக்குப் போயிடுறா” என்றார். “நீங்களே தூக்கிட்டு வாங்கம்மா, புதன்கிழமை காலைல எட்டரைக்கு” என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டேன். எட்டேகாலுக்கே பேத்தியோடு வாசலில் நின்றார்.