வில்லனை அவன் வீட்டிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

புதிதாக ஃபேன்டசி கதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் உலகத்தை முதலில் கட்டிவிடுகிறார்கள். வரைபடம் இருக்கும், ஏழெட்டு நாடுகள் இருக்கும், மந்திரத்துக்கு விதிகள் இருக்கும், நாயகனுக்கு ஊர் பேர் காதல் எல்லாம் இருக்கும். வில்லன் மட்டும் நீளமான அங்கி போட்டுக்கொண்டு கோட்டை உச்சியில் நின்று உலகத்தை ஆளவேண்டும் என்பான். ஆண்டு என்ன செய்யப்போகிறான், யாருக்குக் காட்டப்போகிறான் என்று கேட்டால் எழுதியவரிடமே பதில் இருக்காது.

யாருக்குக் காட்டப்போகிறான் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். அந்த ஆள் அனேகமாக அவன் வீட்டுக்குள்தான் இருப்பார். இந்தப் பதிவில் ஒரு வில்லனை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உருவாக்கிக் காட்டுகிறேன். ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, உங்கள் வில்லனுக்கும் கூடவே எழுதிக்கொண்டு வாருங்கள்.

படி 1: வீட்டில் யாரிடம், என்ன வேண்டும்?

ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இவனுக்கு இன்னாரிடமிருந்து இன்னது வேண்டும், அது கிடைக்கவில்லை. அரியணை, மந்திரக்கோல், சாகாவரம் எதுவும் அதில் வரக்கூடாது. "பாசம் வேண்டும்" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பாசத்தை அப்படியே காட்சியாக்க முடியாது. ஆனால் அப்பா ஒரு தடவையாவது சபையில் தன்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லவேண்டும் என்று ஒருவன் ஏங்குவதைக் காட்சியாக்க முடியும்.

நம் உதாரணத்துக்கு வருவோம். ஒரு பெரிய ஏரி, அதை நம்பி நாற்பது ஊர். ஏரியைக் காக்கும் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவருக்கு மட்டும் தண்ணீர் பேசுவது கேட்கும். மதகை எப்போது திறக்கலாம், கரை எங்கே இளகியிருக்கிறது என்று அது சொல்லும். மூத்தவன் வேள்மாறனைப் பன்னிரண்டு வயதில், வெள்ளம் வந்த இரவில் அப்பா கரைக்கு அழைத்துப்போகிறார். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூட ஓடிவந்த ஆறு வயதுத் தங்கை செவ்வந்திக்குக் கேட்கிறது. வாரிசுக்குக் கேட்கவில்லை என்று வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கே அவமானம் என்று அப்பா ஓர் ஏற்பாடு செய்கிறார்: ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தங்கை அண்ணன் காதில் ரகசியமாகச் சொல்லவேண்டும், அவன் அதை ஊருக்கு உரக்கச் சொல்வான். வருஷக்கணக்கில் இப்படியே போகிறது, ஊர் அவனைக் கும்பிடுகிறது.

இப்போது அவனுடைய வாக்கியம்: எனக்குக் கேட்காது என்று தெரிந்தும் "நீ என் பிள்ளைதான்டா" என்று அப்பா தன் வாயால் சொல்லவேண்டும்.

படி 2: காயம் வேறு, முடிவு வேறு

சின்ன வயதில் அடிபட்ட எல்லாரும் ஊரைக் கொளுத்துவதில்லை. அதனால் "அவனுக்குக் கொடுமை நடந்தது, அவன் கெட்டவனானான்" என்று ஒரே தாவலாகத் தாவினால் வாசகர் நம்பமாட்டார். அதே மாதிரி அடிபட்டு நல்லபடி வாழ்கிற எத்தனையோ பேருக்கு அது நியாயமும் இல்லை. நடுவில் ஒரு நாள் வேண்டும். அந்த நாளில் அவன் முன்னால் இரண்டு வழிகள் இருக்கவேண்டும், இரண்டுமே அவனால் முடிந்தவையாக இருக்கவேண்டும், அவன் தெரிந்தே ஒன்றை எடுக்கவேண்டும்.

செவ்வந்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். அடுத்த வெள்ளத்தில் வேள்மாறன் காதில் சொல்ல ஆளில்லை. ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடலாம், அவமானம்தான், ஆனால் உயிர் போகாது. அவன் மாப்பிள்ளை வீட்டார் வரும் படகைக் கவிழ்க்கிறான்.

அப்புறம்தான் பெரிய திட்டம் பிறக்கிறது. தண்ணீரின் குரலையே அழித்துவிட்டால் உலகத்தில் யாருக்கும் கேட்காது, கேட்காதவன் என்று ஒருவனைத் தனியாகச் சுட்டவும் முடியாது. குடும்பக் கதை எழுதுகிறவர்களுக்கு இல்லாத வசதி இது. வீட்டுக்குள் பட்டதை உலகத்தின் விதியிலேயே கைவைக்கும் ஆசையாக வளர்க்க ஃபேன்டசியில் இடம் இருக்கிறது. உங்கள் வில்லனின் திட்டத்துக்கும் படி 1-ல் எழுதிய வாக்கியத்துக்கும் இப்படி நேரடி வேர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திட்டத்தை மாற்றுங்கள், வாக்கியத்தை மாற்றாதீர்கள்.

படி 3: அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் எழுதுங்கள்

குடும்பச் சண்டை என்றதும் குணத்தை மட்டும் யோசிக்கிறோம்: கோபக்கார அப்பா, பொறாமைக்கார அண்ணன் என்று. குணத்துக்குப் பின்னால் சொத்தும் வாரிசுரிமையும் இருக்கின்றன. யாருக்கு என்ன போய்ச்சேரும் என்ற விதி சரியில்லாத வீட்டில் நல்லவர்கள்கூடக் கத்தியை எடுக்கிறார்கள்.

துருக்கியை ஆண்ட ஒட்டோமான் அரசில் நடந்ததைப் பாருங்கள். பட்டத்துக்கு வருகிறவர் உடன்பிறந்தவர்களைக் கொல்வது நாட்டின் அமைதிக்காக ஏற்கப்பட்ட வழக்கமாக இருந்தது. கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த இரண்டாம் மெஹ்மெத் காலத்துச் சட்டத் தொகுப்பே அதற்கு அனுமதி தந்தது. 1595-ல் மூன்றாம் மெஹ்மெத் பட்டமேறியபோது 19 சகோதரர்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அவர் மகன் முதலாம் அகமது 1603-ல் பதின்மூன்று வயதில் பட்டமேறியபோது தம்பி முஸ்தபாவைக் கொல்லாமல் விட்டார். முஸ்தபா அரண்மனைக்குள்ளேயே அடைபட்டு வளர்ந்தார். 1617-ல் அவரைக் கொண்டுவந்து அரியணையில் உட்காரவைத்தார்கள், சில மாதங்களில் இறக்கினார்கள், 1622-ல் மறுபடி ஏற்றினார்கள், அடுத்த வருஷம் மறுபடி இறக்கினார்கள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் கயிற்றோடு வருகிறார்களா, கிரீடத்தோடு வருகிறார்களா என்று தெரியாமல் வருஷக்கணக்கில் வாழ்ந்த ஒருவர் எப்படி இருப்பார் என்று கொஞ்ச நேரம் யோசியுங்கள். அங்கே ஒரு முழு நாவலே கிடக்கிறது.

நம் பக்கம் மதுரையிலும் இருக்கிறது. 1268 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட மாறவர்மன் குலசேகர பாண்டியன், பட்டத்தரசியின் மகன் சுந்தர பாண்டியனை விட்டுவிட்டு இன்னொரு பெண்ணுக்குப் பிறந்த வீர பாண்டியனை வாரிசாக்க, 1310-ல் சுந்தரன் தந்தையையே கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். அண்ணன் தம்பி சண்டை ஓயுமுன்னே 1311-ல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூரின் படை மதுரைக்கு வந்துவிட்டது. ஒரு வீட்டின் பாகப்பிரிவினை ஒரு நாட்டையே எப்படித் திறந்துபோடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் உலகத்தில் மந்திரசக்தி யாருக்குப் போகும்? மூத்தவருக்கா, பெண்பிள்ளைகளுக்கா, முந்தையவர் செத்தால்தானா? இந்த விதியை எழுதினாலே பாதிச் சண்டை தானாகக் கிளம்பிவிடும்.

படி 4: வீட்டில் எல்லாருக்கும் ஒரு நியாயம் கொடுங்கள்

கொடுமைக்கார அப்பாவை எழுதுவது சுலபம், சீக்கிரம் சலித்தும்போகும். நம் கதையில் அப்பா மகனைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும், பேசாமல் இருந்தாள். செவ்வந்திக்கு அண்ணன்மேல் உண்மையான பிரியம் இருக்கிறது, கூடவே தன் பெயரே இல்லாமல் போனதில் ஆத்திரமும் இருக்கிறது. இவர்கள் எல்லாரையும் ஒரே சாப்பாட்டில் உட்காரவைத்துப் பாருங்கள்.

வெள்ள இரவு முடிந்த காலை. தண்ணீரைக் கேட்டவருக்கு முதல் கவளத்தை அப்பா கையால் தருவது வழக்கம். ரகசியம் தெரியாத சித்தப்பாவும் பந்தியில் இருக்கிறார். அப்பா சோற்றை உருட்டி நீட்டுகிறார், வேள்மாறன் வாங்கிக்கொள்கிறான். அம்மா பேசாமல் வந்து செவ்வந்தியின் இலையில் ரசம் விடுகிறாள்.

"போதும்மா."

"சூடா இருக்கு, சாப்பிடு. ராத்திரி பூரா பேசினது, தொண்டை கட்டியிருக்கும்."

சித்தப்பா நிமிர்ந்து பார்க்கிறார். "ராத்திரி பூரா பேசினது பெரியவன் இல்லையா, அண்ணி?"

அம்மா கரண்டியோடு அப்படியே நிற்கிறாள். "ஆமா, அவனுக்கும்தான்" என்று அவன் இலையிலும் ரசம் விடுகிறாள். வேள்மாறன் இலையை மூடிவிட்டு எழுந்துபோகிறான்.

யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் வேள்மாறன் இதை மறக்கமாட்டான். ஃபிளாஷ்பேக்கில் இடி மின்னலோடு ஒரு சாட்டையடி வைப்பதைவிட இந்த மாதிரி ஒன்று அதிக தூரம் போகும். அதனால் உங்கள் வில்லன் வீட்டிலும் ஒரு சாப்பாட்டுக் காட்சி எழுதிப்பாருங்கள், நாவலில் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை.

படி 5: அவன் வெளியே சொல்லும் காரணம்

வில்லன் தன் அப்பா கதையைச் சொல்லிப் படை திரட்டமாட்டான். அவனுக்கு ஊர் முன்னால் சொல்ல ஒரு காரணம் வேண்டும், அது பாதியாவது சரியாக இருக்கவேண்டும். "ஒரு குடும்பத்தின் காதை நம்பி நாற்பது ஊர் ஏன் வாழவேண்டும்?" என்று வேள்மாறன் கேட்கிறான். நல்ல கேள்வி. கரையெங்கும் அளவுக்கல் நடுகிறான், நீர்மட்டத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் மதகைத் திறக்கச் சொல்லிக்கொடுக்கிறான், இளைஞர்கள் அவன் பின்னால் போகிறார்கள். நாயகன் இந்த வாதத்துக்குப் பதில் சொல்லத் திணறவேண்டும். சுலபமாக மடக்கிவிட்டால் வில்லனின் வாதத்தை இன்னும் பலமாக்குங்கள்.

படி 6: ஒவ்வொரு குற்றத்துக்கும் வீட்டில் ஓர் உறவு போகட்டும்

படகு கவிழ்ந்ததை அம்மா ஊகித்துவிடுகிறாள், அவளைத் தீர்த்த யாத்திரை என்று அனுப்பிவைக்கிறான். செவ்வந்திக்குத் தெரியவந்ததும் அடுத்த வெள்ளத்தில் வேண்டுமென்றே தப்பான சொல்லைச் சொல்கிறாள், கரை உடைந்து ஓர் ஊர் போகிறது. இதைக் கவனியுங்கள்: தங்கையும் இப்போது சுத்தமில்லை. பாதிக்கப்பட்டவர்களை வெறும் கண்ணீராக வைக்காமல் அவர்களுக்கும் தப்பு செய்யும் உரிமையைக் கொடுங்கள்.

படி 7: எவ்வளவு சொல்வது?

நீங்கள் எழுதிவைத்ததில் பெரும்பகுதி நாவலில் நேரடியாக வராது. முதல் பாதியில் இரண்டு மூன்று இடங்களில் கசியவிடுங்கள் போதும். பந்தியில் யாராவது ரசம் கேட்டால் அவன் எழுந்துபோவான், தண்ணீர் ஓடும் இடத்தில் தூங்கமாட்டான், அவ்வளவுதான். கடைசிச் சண்டையில் வாளை நிறுத்திவிட்டு அவன் தன் கதையைப் பத்துப் பக்கத்துக்குச் சொல்வதை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

இவ்வளவும் செய்தால் வில்லன்மேல் இரக்கம் வரும், வரட்டும். ஆனால் அவனைப் புரியவைத்துவிட்டோம் என்பதற்காகக் கதை அவனை மன்னித்தாகவேண்டும் என்று நினைக்காதீர்கள். மன்னிப்பதும் மறுப்பதும் அடித்துப்போன அந்த ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது, படகில் செத்தவனின் அம்மா கையில் இருக்கிறது. அவர்களுக்குப் பேச ஒரு காட்சி வையுங்கள், அந்தக் காட்சியில் வேள்மாறனைப் பேசவிடாதீர்கள்.