தேடியும் அகப்படாத பொன்னாத்தா

13ஆம் நூற்றாண்டில், காலிங்கராயன் வாய்க்கால் வெட்டிய காலத்தில் நடக்கும் காதல் நாவலை ஈரோட்டில் எழுதி முடித்தேன். நாயகி பொன்னாத்தாவைப் பூங்கோதை ஆக்க வேண்டும். கணினியில் மொத்தமாக மாற்றக் கொடுத்தும், பழைய அத்தியாயங்களில் பொன்னாத்தா அப்படியே நின்றாள். கண்ணுக்கு அதே பெயர். தேடினால் இல்லை என்கிறது.

எழுத்துருவை மாற்றினேன், மென்பொருளை அழித்து மறுபடி நிறுவினேன். கணினிக் கடைத் தம்பி வைரஸ் என்றார். நாட்கள்தான் போயின.

அப்புறம் 'பொ'வை அடுத்து கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் தட்டினேன். புது அத்தியாயத்தில் 'ப' மிஞ்சியது; பழையதில் 'பெ'! பழைய எழுத்துருவிலிருந்து, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியபோது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாகத் தங்கிவிட்டன. ஒகரத்துக்கு யூனிகோடில் ஒரே குறி உண்டு. விண்டோஸின் எழுத்து அட்டவணையிலிருந்து கொம்பையும் காலையும் எடுத்துத் தேடும் பெட்டியில் அடுத்தடுத்து ஒட்டி, அந்த ஒரே குறியாக மாற்றினேன். இரட்டைக் கொம்புக்கும் அப்படியே. அப்பாடா, பெயர் மாறிவிட்டது.

'கௌரி' போன்ற சொற்களில் மட்டும் அவசரம் வேண்டாம். அங்கே கொம்பும் 'ள'வும் இருக்கும். மொத்தமாக மாற்றினால், கொம்பை அடுத்து 'ள' வரும் 'வெள்ளகோவில்' போன்ற ஊர்ப்பெயரும் சிதைந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்தினேன்.