நிதி திரட்டும் சைக்கிள் பயணமா? வரிசையில் ஓட்டப் பழகுங்கள்

நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட, சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கூட்டமாக சைக்கிளில் கிளம்புகிறீர்களா? ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தனியாக ஓட்டிய பழக்கம் மட்டும் போதாது. நாலைந்து பேரோடு வரிசையாக ஓட்டிப் பாருங்கள். உங்கள் முன்சக்கரம், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போய்விடக் கூடாது. அவர் லேசாக விலகினாலும் உரசி விழுவது பின்னால் வருபவர்தான். பள்ளம் வந்தால் கையால் காட்டுங்கள், குரலும் கொடுங்கள்.

ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயில் ஏற ஏறக் கடல்காற்று வலுக்கும். முன்னால் போகிறவர் அதைத் தாங்கிக்கொள்வதால் பின்னால் இருப்பவருக்கு மிதிப்பது எளிது. ஒருவரையே களைக்க விடாமல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளுங்கள். அப்புறம், பசிக்கும் முன்பே சாப்பிடுங்கள். வாழைப்பழமும் கடலைமிட்டாயும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். புது ஷார்ட்ஸை அன்றைக்கு முதல்முறையாகப் போடவே போடாதீர்கள், தொடை உராய்ந்து புண்ணாகிவிடும்.