ஸ்வால்பார்ட் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடைக்குக் கோடை சிறு குழுக்களை ஸ்வால்பார்டுக்கு அழைத்துப் போகிறேன். நார்வேக்கு வடக்கே, வட அட்சரேகை 74 முதல் 81 டிகிரி வரை சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம். நிலத்தில் பாதிக்கு மேல் பனியாறு. குளிருக்கு என்ன உடுத்துவது, பேட்டரியை எங்கே வைப்பது என்பதெல்லாம் எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதைத் தாண்டி, புதியவர்கள் வருடம் தவறாமல் செய்யும் வேலைகள் சில உண்டு.

ஒருமுறை விசா

ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம்தான். ஆனால் அது ஷெங்கனுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டத்துக்கு, வெளியே. இருமுறை நுழையும் ஷெங்கன் விசா இல்லாவிட்டால், திரும்பும்போது ஓஸ்லோவில் மாட்டிக்கொள்வீர்கள்.

"இன்னும் கொஞ்சம் பக்கத்துல"

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஜூன் மாதம், ரப்பர் படகில் ஒரு கரையில் இறங்கினோம். கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு ஐடர் வாத்துப் பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது. குழுவில் ஒருவர், "பாருங்க சார், பயமே இல்ல" என்றபடி கேமராவோடு நகர்ந்தார். கூப்பிட்டும் நிற்கவில்லை.

பயம் இல்லாமல் இல்லை. பழுப்பு நிறமும் அசையாத உடம்பும்தான் அதற்கு மறைவிடம். ஏறத்தாழ 25 நாள், பெரும்பாலும் பட்டினியாகவே உட்கார்ந்திருக்கும். தானாக எழுந்துபோனால் தன் மென்தூவியால் முட்டைகளை மூடிவிட்டுப் போகும். விரட்டப்பட்டு எழுந்தால் மூட ஏது நேரம்? இன்னும் நாலடி வைத்ததும் பறந்தது. மேலே சுற்றிக்கொண்டிருந்த கிளாக்கஸ் கடற்காகம் இறங்கி ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு போனது. அவர் அதையும் படமெடுத்துவிட்டு, "செம ஆக்‌ஷன் ஷாட்" என்றார்.

15 பறவைச் சரணாலயங்களில் மே 15 முதல் ஆகஸ்ட் 15 வரை யாரும் கால் வைக்கக் கூடாது. 300 மீட்டருக்குள் படகும் போகக் கூடாது. நாங்கள் இறங்கும் மற்ற கரைகளில் அப்படி நம்மைத் தடுக்க யாரும் இல்லை, அதுதான் சிக்கல்.

இதில் கடுப்பு என்னவென்றால், அவ்வளவு கிட்டத்தில் ஐடரைப் பார்க்க அவர் கடல் தாண்டியே போயிருக்க வேண்டாம். ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனுக்கு வெளியே, சாலையோர நாய்ப்பட்டிக்குப் பக்கத்திலேயே ஐடர்கள் கூட்டமாக அடைகாக்கின்றன. நாய்கள் இருந்தால் நரி வராதே! சாலையில் நின்றபடியே, ஒரு பறவையையும் கிளப்பாமல் படம் எடுக்கலாம். முந்தின நாள் அங்கே வண்டியை நிறுத்தியபோது இந்த மனிதர் இறங்கவே இல்லை.

வால்ரஸ் கூட்டமும் அப்படித்தான். ஒன்று மிரண்டால் எல்லாம் கடலுக்குப் பாயும், குட்டிகள் நசுங்கலாம். துருவமான் குளிர்காலத்தைத் தாண்டுவதே கோடையில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான், மிரண்டு ஓடினால் அது கரையும். மான் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நில்லுங்கள், அப்புறம் மெல்லப் பின்வாங்குங்கள்.

நரிக்குத் தீனி போடுவது

வேண்டாம். ரேபிஸ் உண்டு.

கரடி, கரடி, கரடி

2025 முதல் பனிக்கரடியிலிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். முழுப் பயணத்துக்கும் ஒரு வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். தொலைநோக்கியால் அடிவானத்தையே துழாவுகிறவர்கள் காலடியில் எதை மிதிக்கிறோம் என்று பார்ப்பதில்லை. சில சென்டிமீட்டர் உயரமே வளரும் துருவ வில்லோ அது. மரம் சார், மரம்!

ஊர் எல்லை தாண்டித் தனியாக நடப்பது

துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டி இல்லாமல் ஓரடிகூட வேண்டாம்.

ஞாபகத்துக்கு ஒரு எலும்பு

1945 வரையிலான மனிதத் தடயங்கள் எல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. துருப்பிடித்த ஆணியும் அதில் சேர்த்தி, வேட்டைத் தளத்துத் திமிங்கல எலும்பும் சேர்த்தி.

மாதம் தவறுவது

டிக்கெட் மலிவு என்று ஆகஸ்ட் கடைசியில் வருகிறார்கள். ஸ்வால்பார்டின் அல்கெஃபெல்லெட் பாறைச் சுவரில் சுமார் 60,000 ஜோடி கில்லெமாட் பறவைகள் கூடு வைக்கும். குஞ்சுகள் மூன்று வார வயதில், சரியாகப் பறக்கத் தெரியாமலேயே கடலில் குதித்துவிடும். தகப்பனும் கூடவே இறங்கி நீந்திப் போய்விடும். ஆகஸ்ட் முடியும்போது பாறைதான் இருக்கும். பறவைக்காக வருவதென்றால் ஜூலைக்கு டிக்கெட் போடுங்கள், காசு கொஞ்சம் கூடத்தான் ஆகும்.