வௌவால் பெட்டி காலியாகவே தொங்குவது ஏன்?

வௌவால் பகலில் அடைய வீட்டுச் சுவரில் மாட்டும் மரப்பெட்டிதான் வௌவால் பெட்டி. ஆனால் எல்லா வௌவாலும் அதில் தங்காது. கொய்யா, சப்போட்டா மரம் வைத்தால் வருவது பழந்தின்னி வௌவால். அது பெட்டிக்குள் நுழையாது. மதுரையைச் சுற்றியுள்ள மலைக்குகைகளில் தொங்கும் இலைமூக்கு வௌவாலும் அப்படித்தான். வீட்டுப் பக்கம் அடையக்கூடியவை ஓட்டிடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒண்டும் கட்டைவிரல் பருமனுள்ள சிறு வௌவால்கள்.

அவற்றுக்குக் குருவிக்கூடு மாதிரி அகலமான பெட்டி அடித்தால் குளவிதான் கூடு கட்டும். முதுகும் வயிறும் பலகையில் உரச வேண்டும். அதனால் முன்பலகைக்கும் பின்பலகைக்கும் இடைவெளி முக்கால் இஞ்ச், மிஞ்சினால் ஒரு இஞ்ச். உயரம் 2 அடி, அகலம் 14 இஞ்ச் போதும். அடிப்பலகை கூடாது, எச்சம் தானே கீழே விழுந்துவிடும். பின்பலகை மட்டும் 4 இஞ்ச் கீழே நீண்டிருந்தால் வந்து தொற்றிக்கொள்ள வசதி. இழைத்த பலகையில் நகம் நிற்காது. ஆசாரியிடம் சொல்லி உட்பக்கம் அரை இஞ்சுக்கு ஒரு கோடு ரம்பத்தால் கீறச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வலை ஒட்டினால் நகம் சிக்கிச் சாகும். உள்ளே வார்னிஷ், பெயின்ட் எதுவும் வேண்டாம்.

நம்மூரில் பெட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் வெயில். குளிர்நாட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு நாள் முழுக்க வெயில் படும்படி, கறுப்படித்து மாட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் மேற்குச் சுவரில் மாட்டினால் உள்ளே 40 டிகிரி தாண்டும். குட்டிகள்தான் முதலில் விழும். கிழக்குச் சுவர், காலை வெயில் மட்டும், வெளிப்பக்கம் வெள்ளை, முன்பலகையில் கீழிருந்து 6 இஞ்ச் மேலே அரை இஞ்ச் காற்றுப் பிளவு. தகர மூடி வேண்டவே வேண்டாம்.

மாட்டும் உயரம் தரையிலிருந்து 12 முதல் 15 அடி. வௌவால் கீழே விழுந்துதான் பறக்கத் தொடங்கும். நேர் கீழே கிளையோ துணிக்கொடியோ இருக்கக்கூடாது. பெட்டியின் வாசலில் விளக்கு வெளிச்சம் அடித்தால் இரைக்குக் கிளம்பத் தாமதமாகும். பூச்சிமருந்து அடிக்கும் தோட்டத்தில் பெட்டியே வீண். மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றாதீர்கள். ஒரு வருடமாவது விட்டுவைக்க வேண்டும். கொசு ஒழியும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்: அந்துப்பூச்சி, வண்டு, ஈசலையும் சேர்த்துத்தான் தின்னும்.

பனை நிற்கிற வீட்டில் காய்ந்து தொங்கும் காவோலையை மொத்தமாகக் கழித்துவிட்டுப் பெட்டி வாங்குவது வேடிக்கை. அந்த ஓலை மடிப்புதான் ஏற்கெனவே இருக்கும் வீடு.

தரையில் கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் எடுக்காதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.